பாஸ்போர்ட் வேண்டாத ஐரோப்பா

எங்கள் மைசூர் விஜயநகரில், யோக நரசிம்ம ஸ்வாமி கோயிலுக்குக் காலையில் நடந்துபோய் தரிசனம் செய்துவிட்டு, திரும்பும் வழியில் காபி சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் கோஷ்டி ஒன்று உண்டு. எல்லோரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அதில் ஒரு நண்பர் ஐரோப்பா சுற்றுலா போய்விட்டு வந்தார். பத்து நாளில் ஏழு தேசம். ஈபில் கோபுரம், ஸ்விஸ் பனிமலை, வெனிஸ் படகு என்று இரண்டு வாரம் கதை சொன்னார். கடைசியில், "ஓய், பாதி ஊர்களைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். எந்த ஊரில் என்ன பார்த்தோம் என்று இப்போது குழப்பமாக இருக்கிறது" என்று உண்மையையும் சொல்லிவிட்டார்.

இந்தச் சமாசாரத்தை நான் அகத்தில் வந்து சொன்னது தப்பாகப் போயிற்று. என் மனைவிக்கு ஐரோப்பா பார்க்க வேண்டும் என்று முப்பது வருஷ ஆசை. பெண்கள் கல்யாணம், வீட்டுக் கடன், என் தாயாரின் உடல்நிலை என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டோம். பணமும் நேரமும் வந்தபோது என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்து விமானப் பிரயாணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நமக்குப் பிராப்தம் அவ்வளவுதான்" என்று அவள் உள்ளே போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஐரோப்பாவிலும் எல்லோரும் பாரீஸ், லண்டன், ரோம் என்றுதான் போகிறார்கள். சரித்திரம் நிறைந்த சிறிய ஊர்களை யாரும் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் கப்பலேறி வந்து நம் நாட்டிலேயே கட்டிவைத்த சிறிய ஊர்கள் இருக்கின்றனவே, அவற்றை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? நாங்கள் இருவரும் பார்த்ததை நமது சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வீட்டு வாசலில் ஸ்விட்சர்லாந்து

முதலில் போனது ஸ்ரீரங்கபட்டணம். மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருவது எங்களுக்கு வழக்கம்தான். இந்த முறை ஆட்டோக்காரரிடம் காவேரிக் கரையில் இருக்கும் பழைய ராணுவக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகச் சொன்னேன்.

"ஏன்னா, பெருமாளைச் சேவிச்சுட்டு மசானத்துக்கா போறேள்?" என்றாள் மனைவி.

"ஆத்துக்குப் போய் ஸ்நானம் பண்ணிக்கலாம், வா" என்றேன்.

1799 மே 4ஆம் தேதி திப்பு சுல்தானின் கோட்டை விழுந்த யுத்தத்தில் மாண்ட அதிகாரிகளும், அதற்குப் பிறகு அங்கே தங்கிய பட்டாளத்தாரும் அவர்கள் குடும்பத்தாரும் அந்தத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். அங்கே உள்ள கல்லறைகள் சிலவற்றில் 'டி மெரோன்' பட்டாளம் என்ற பெயரைக் காணலாம். இவர்கள் இங்கிலீஷ்காரர்கள் அல்லர். 1781ல் நியூஷாடெல் என்ற ஊரைச் சேர்ந்த சார்லஸ் டேனியல் டி மெரோன் என்பவர் கூலிக்குத் திரட்டிய பட்டாளம் இது. நியூஷாடெல் இன்று ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. அன்று பிரஷ்ய அரசரின் ஆளுகையில் இருந்தது. ஏரிக்கரையில், குன்றின்மேல் கோட்டையுடன் இருக்கும் அழகான பழைய நகரம். சுற்றுலாக் கம்பெனிகளின் பட்டியலில் அதிகம் வராது.

இந்தப் பட்டாளம் முதலில் டச்சுக் கம்பெனிக்குச் சேவகம் செய்து இலங்கைக்கு வந்தது. 1795ல் ஹ்யூ கிளெகார்ன் என்ற ஸ்காட்லாந்துப் பேராசிரியர், பட்டாளத்தின் சொந்தக்காரரான டி மெரோனையே நேரில் பிடித்து, இங்கிலீஷ் பக்கம் மாற்றிவிட்டார். கொழும்புக் கோட்டைக்குள் இருந்த டி மெரோனின் தம்பிக்கு ரகசியக் கடிதம் ஒரு பாலாடைக்கட்டிக்குள் ஒளித்து அனுப்பப்பட்டதாகச் சொல்வார்கள். நான்கு வருஷம் கழித்து அதே பட்டாளம் ஸ்ரீரங்கபட்டணத்தில் போர் புரிந்தது. பின்னர் கனடா வரைக்கும் போய், 1816ல் கலைக்கப்பட்டது. யாருடைய சண்டைக்கோ, எந்தத் தேசத்திலிருந்தோ வந்து, நம் காவேரிக் கரையில் கண்ணை மூடியவர்கள்!

என் மனைவி பேசாமல் நடந்துகொண்டிருந்தவள், ஒரு குழந்தையின் கல்லறை முன் நின்றாள். "யார் பெத்த பிள்ளையோ, பாவம்" என்றாள். பக்கத்தில் பூத்திருந்த ஏதோ ஒரு காட்டுப் பூவைப் பறித்து அதன்மேல் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் ஐரோப்பிய யாத்திரையில் அவளுக்கும் ருசி ஏற்பட்டுவிட்டது.

திருக்கடையூரிலிருந்து டென்மார்க்

எனக்கு எழுபது பூர்த்தியானபோது பீமரத சாந்தியைத் திருக்கடையூரில் வைத்துக்கொண்டோம். மைசூரில் சாயங்காலம் ரயில் ஏறினால் காலையில் மாயவரத்தில் இறங்கலாம். நம்மவர்களில் சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேகம் என்று திருக்கடையூர் போகாத குடும்பம் அபூர்வம். ஆனால் அபிராமி சந்நிதியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டரில் இருக்கும் தரங்கம்பாடியைப் பார்த்தவர் எத்தனை பேர்? ஹோமம், சாப்பாடு, தாம்பூலம் முடிந்தால் எல்லோரும் வேனில் ஏறிவிடுகிறோம்.

எனக்குத் தரங்கம்பாடி புதிது அல்ல. எங்கள் பூர்வீகம் ஆக்கூர் பக்கத்தில் ஒரு சிறு கிராமம். அந்நாளில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குச் சின்ன ரயில் ஓடியது. 1926ல் ஆரம்பித்து 1986ல் நிறுத்தப்பட்ட அந்தப் பாதையில் செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று போகும். எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஆடி அமாவாசைக்கு என் தகப்பனார் என்னைச் சமுத்திர ஸ்நானத்துக்கு அந்த ரயிலில் அழைத்துப் போனார். கோட்டையைக் காட்டி, "அது டேனிஷ்காரன் கட்டினது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். எனக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அறுபது வருஷம் கழித்து, படித்துத் தெரிந்துகொண்டு போனேன். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியான் அனுப்பிய கப்பல்கள் 1618ல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பின. தலைவர் ஓவே யெட்டே என்ற இளைஞர். 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை ஏற்பட்டு, கடற்கரையில் இடமும் வியாபார உரிமையும் கிடைத்தன. ரகுநாத நாயக்கர் வீணையிலும் காவியத்திலும் வல்லவர். கன்னட தேசத்துப் பிராமணரான கோவிந்த தீக்ஷிதரை மந்திரியாகவும் குருவாகவும் கொண்டாடியவர். அவர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. நானூறு வருஷம் ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் என் பாட்டனார் எழுதிய ஒரு கடிதம்கூட இல்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். கீழே கிடங்குகள், மேலே அதிகாரிகள் தங்கிய அறைகள். கோட்டை மாடியில் நின்றால் வங்கக் கடல் முழுவதும் நமக்குத்தான்.

இந்தக் கோட்டையில் நடந்த ஒரு கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் யுத்தங்களில் தோற்று டென்மார்க் நொடித்துப் போயிற்று. 1643க்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு தாய்நாட்டிலிருந்து உதவி ஒன்றும் இல்லை. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655ல் மிஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற சாதாரண ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறார்கள். கப்பம் வரவில்லை என்று நாயக்கர் படை முற்றுகையிட்டபோதெல்லாம் அவர் தாக்குப்பிடித்தார். ஊரைச் சுற்றி மதில் கட்டினார். அதற்குப் பணம் கடலில் போன கப்பல்களைப் பிடித்ததில் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1669ல் டென்மார்க்கிலிருந்து ஒரு போர்க்கப்பல் வந்தபோது, கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது. எந்த நம்பிக்கையில் அந்த மனிதர் ஒவ்வொரு நாளும் கொடியை ஏற்றியிருப்பார்!

மணலில் எழுதிய அக்ஷரம்

1792ல் கட்டிய நகர வாசலில் நுழைந்தால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய பங்களாக்கள், 1701ல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718ல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். இந்த இரண்டாவதில்தான் சீகன்பால்குவின் சமாதி இருக்கிறது. ஜெர்மானியரான அவர் 1706 ஜூலை 9ஆம் தேதி, தம்முடன் வந்த புளுட்சோவுடன் இங்கே இறங்கினார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு வயோதிகத் திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சிறு பிள்ளைகளுடன் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்றார். 1708ல், இரண்டே வருஷத்தில், தாம் சேகரித்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். அதே வருஷம் டேனிஷ் கவர்னரே அவரைச் சில மாதங்கள் சிறையில் வைத்தார். அச்சு இயந்திரமும் தமிழ் எழுத்துக்களும் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்து, 1715ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாரில் காகித ஆலை வைத்தார்கள். 1719ல், தம் முப்பத்தாறாவது வயதில், காலமானார்.

அவர் மதம் மாற்ற வந்தவர். நம் மதத்தையும் பிராமணர்களையும் கடுமையாகவே விமர்சித்திருக்கிறார். அதை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆனால் இன்னொரு விஷயமும் உண்டு. நம் தெய்வங்கள், ஆசாரம், விவாகம், வைத்தியம் பற்றி அவர் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து ஊருக்கு அனுப்பினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713ல் ஒரு பெரிய புஸ்தகமும் எழுதினார். அங்கே இருந்த அவருடைய பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை இங்கே பரப்புவதற்கு அல்ல என்ற அபிப்பிராயம். அந்தப் புஸ்தகம் 1867ல்தான் சென்னையில் அச்சேறியது. தாம் எதிர்க்க வந்ததைத் தெரிந்துகொள்ளாமல் எதிர்க்கக் கூடாது என்று நினைத்தவர் அவர். நமக்கும் பிறர் விஷயத்தில் அந்தப் பொறுமை வேண்டும்.

இந்த ஊருக்கும் எங்கள் மைசூருக்கும்கூட சம்பந்தம் இருக்கிறது. 1750ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சுவார்ட்ஸ் பாதிரியார்தான் பின்னாளில் தஞ்சை சரபோஜி மகாராஜாவுக்குக் குருவைப்போல் இருந்தவர். 1779ல் அவரையே கம்பெனியார் சமாதானத் தூதராக ஸ்ரீரங்கபட்டணத்துக்கு ஹைதர் அலியிடம் அனுப்பினார்கள். தரங்கம்பாடியைப் பார்த்தபிறகுதான் வீட்டுப் பக்கத்து ஸ்ரீரங்கபட்டணம் எனக்கு முழுதாகப் புரிந்தது.

1845ல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. வியாபாரமும் அதன் பின்னால் போயிற்று. ஊர் அப்படியே தூங்கிவிட்டது. அதனால்தான் பழைய வீதிகள் தப்பின.

கடல் கொண்டது

சாயங்காலம் மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போனோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ல் எழுந்த கோயில். கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர். டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே இங்கே துறைமுகமும் வியாபாரிகளும் இருந்தார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. ஐரோப்பியர்கள் வெறும் மணலில் ஊரைக் கட்டவில்லை.

என் தகப்பனார் ஆடி அமாவாசை அன்று ஈர வேஷ்டியை உலர்த்திய மணல்வெளியை மனைவிக்கும் பேரனுக்கும் காட்டலாம் என்று நினைத்துப் போனேன். அந்த மணல் இல்லை. கோயிலின் கிழக்குப் பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. மிஞ்சியதைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அலை அந்தக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊரின் மீனவக் குடும்பங்கள் பட்ட துன்பத்தை அங்கே இருந்த ஒரு பெரியவர் சொன்னார். கல்லைக் காட்டி நான் வருத்தப்பட்டேன். அவர் மனிதர்களை எண்ணிச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"தாத்தா, உங்க அப்பா எங்கே நின்னார்?" என்று பேரன் கேட்டான். தண்ணீரைக் காட்டினேன்.

சதுரங்கப்பட்டினமும் பழவேற்காடும்

திரும்பும்போது சென்னையில் சம்பந்தி வீட்டில் தங்கி, இரண்டு டச்சு ஊர்களையும் பார்த்தோம். மாமல்லபுரத்திலிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில், கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் வாயில் அது 'சத்ராஸ்' ஆயிற்று. மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர் பெற்ற இடம். செங்கல் கோட்டை, தானியக் கிடங்கு, வேலைப்பாடு மிகுந்த கல்லறைகள் எல்லாம் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. நாங்கள் போனபோது காவலரையும் எங்களையும் தவிர ஒருவரும் இல்லை.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. 1613ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லில் எழுத்துக்கள் நேற்றுச் செதுக்கியதுபோல் தெளிவாக இருக்கின்றன.

ஆனால் பழவேற்காட்டில் கல்லறையே இல்லாதவர்களை நினைத்துக்கொள்ளாமல் வரக் கூடாது. பஞ்சமும் யுத்தமும் வந்த வருஷங்களில் இந்தக் கரையில் சோற்றுக்கு வழியில்லாத ஜனங்கள் தங்களையும் தங்கள் குழந்தைகளையும் விற்றார்கள். டச்சுக் கம்பெனியார் அவர்களை வாங்கி, கப்பலில் ஏற்றி, இன்று ஜகார்த்தா என்று சொல்லும் பட்டேவியாவுக்கும் மற்ற தீவுகளுக்கும் அடிமைகளாக அனுப்பினார்கள். பிடித்துக் கொடுத்து, விலை பேசிக் கொடுத்தவர்களில் நம் தேசத்துத் தரகர்களும் உண்டு. அவர்கள் பெயரைச் செதுக்க ஒரு கல் இல்லை. ஸ்ரீரங்கபட்டணத்தில் பூ வைத்த என் மனைவி, இங்கே எங்கே வைப்பது என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. ஏரியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு வந்தோம்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

திருக்கடையூரில் வைபவம் வைத்துக்கொள்பவர்கள் தயவுசெய்து கூட ஒரு நாள் ஒதுக்குங்கள். தரங்கம்பாடியுடன் அருகில் உள்ள அனந்தமங்கலத்தில் பத்துக் கைகளுடன் எழுந்தருளியிருக்கும் ஆஞ்சநேயரையும் சேவிக்கலாம். அவ்வூர் ராஜகோபாலப் பெருமாள் கோயிலிலிருந்து 1978ல் திருட்டுப் போன ராமர், சீதை, லக்ஷ்மணர் விக்கிரகங்கள் 2020ல் லண்டனிலிருந்து திரும்பி வந்தன என்பது கூடுதல் சந்தோஷம். தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் உயிர் நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊரான தில்லையாடியும் பக்கம்தான். வெயில் கடுமை, காலை அல்லது மாலையில் போகவும். முழங்கால் வலிக்காரர்கள் கோட்டைப் படியில் நிதானமாக ஏறவும், நான் ஏறினேன்.

பிள்ளைகள், பெண்கள் ஐரோப்பாவில் இருந்தால் அவர்களையும் இந்த நூலின் மறு முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். கோபன்ஹேகனுக்கு வடக்கே ஹெல்சிங்கோர் என்ற சிறு துறைமுகம். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட் நாடகத்துக்குக் களமாக எடுத்துக்கொண்ட குரோன்போர்க் கோட்டை அங்கே இருக்கிறது. ஜெர்மனியில் லைப்ஸிக்குக்கு அருகில் ஹாலே; சங்கீத மேதை ஹாண்டெல் 1685ல் பிறந்த ஊர். சீகன்பால்குவின் கடிதங்கள் போய்ச் சேர்ந்தது அங்கே உள்ள பிராங்கே ஸ்தாபனத்துக்குத்தான். தமிழ்நாட்டிலிருந்து போன பனை ஓலைச் சுவடிகளை அங்கே இன்றும் பாதுகாக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தில் பனிமலை பார்த்தபிறகு, நியூஷாடெலுக்கு ஒரு நாள் கொடுக்கலாம். எங்கள் பெரிய பெண்ணின் பையன் மேற்படிப்புக்கு ஜெர்மனி போக இருக்கிறான். ஹாலே போய், ஓலையைப் பார்த்து, பாட்டிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டாகிவிட்டது. கம்ப்யூட்டரில் அல்ல, கையால்.

மைசூர் திரும்பியதும் கோயில் வாசல் கோஷ்டியில் நண்பர் கேட்டார்: "என்ன ஓய், உம்முடைய ஐரோப்பா எப்படி இருந்தது?" நான் பதில் சொல்வதற்குள், கூட வந்திருந்த என் மனைவி சொன்னாள்: "நன்னா இருந்தது மாமா. எல்லா ஊரும் ஞாபகம் இருக்கு."

மணல் இருக்கும்போதே என் தகப்பனாரிடம் நான்கு கேள்விகள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்கள் அகத்தில் பெரியவர்கள் இருந்தால், இந்த இதழைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் ஊரைப் பற்றி இன்றைக்கே கேளுங்கள்.